நடுங்கும் கைகளும் நம் கடமையும்



நற்கருணை பெற நீட்டும் கை நடுங்குகிறதே என்று கூச்சப்பட்டு, கோவிலுக்கு வருவதையே நிறுத்திக்கொண்ட முதியவர்கள் நம் பங்குகளில் உண்டு. "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். "யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்" என்பவர்களும் இருக்கிறார்கள். எல்லா நடுக்கமும் ஒன்றல்ல. ஆனால் அது பார்க்கின்சன் நோயாக இருக்கலாம். 1817-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதைப் பற்றி எழுதினார். அவர் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது.

காவலரே பகைவரானால்

நம் உடல் அசைவுகளைச் சீராக நடத்த டோபமின் என்ற வேதிப்பொருள் தேவை. அதைச் சுரக்கும் மூளைச் செல்கள் சிறிது சிறிதாக அழிவதே இந்நோய். அச்செல்களுக்குள் ஆல்பா-சைனுக்ளின் என்ற புரதம் கட்டி கட்டியாகத் திரள்கிறது.

மூளைக்கென்று காவல் செல்கள் உண்டு. மைக்ரோகிளியா என்பது அவற்றின் பெயர். கிருமி வந்தால் எதிர்ப்பதும், கழிவைச் சுத்தம் செய்வதும் அவற்றின் பணி. புரதக் கட்டிகளைக் கண்டதும் அவை விழித்தெழுந்து அழற்சிப் பொருள்களை வெளியிடுகின்றன. காயம் பட்ட இடம் சிவந்து வீங்குவது போன்றதுதான் இது. சில நாளில் அடங்கினால் நன்மையே. அடங்காமல் தொடர்ந்தால், அருகிலுள்ள நல்ல செல்களும் சேதமடைகின்றன. அவை அழிய அழிய அழற்சி மேலும் கூடுகிறது.

இந்தச் சுழற்சியை எங்கே அறுப்பது என்று தேடுபவர்களுள் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்று அமெரிக்காவில் பணிபுரியும் அனுமந்த கந்தசாமி. காவல் செல்களைத் தூண்டிவிடுவதில் ஃபின் என்ற நொதிக்குப் பங்கு உண்டு என்று அவரது குழுவினர் 2015-இல் காட்டினர். அச்செல்களின் மேலுள்ள ஒரு பொட்டாசியம் வாயிலை அடைத்தால் அழற்சி குறைவதை 2020-இல் வெளியிட்டனர். அதே ஆண்டில் தோல் மாதிரிகளில் ஆல்பா-சைனுக்ளினைத் தேடும் சோதனை ஒன்றையும் செய்தனர். இறந்தவர்களிடமிருந்து எடுத்த மாதிரிகளில், நோய் இருந்த 25 பேரில் 24 பேரை அது சரியாகக் காட்டியது.

அழற்சியைத் தடுக்கும் சோதனைகள் செல்களிலும் விலங்குகளிலும் செய்யப்பட்டவை. நோயை அடியோடு தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் விறைப்பையும் மந்தத்தையும் குறைக்கும் மாத்திரைகள் உண்டு. நமது புத்தூரிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது. காலம் தாழ்த்தாமல் அழைத்துச் செல்லுங்கள்.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, செபத்தையும் மருத்துவத்தையும் மோதவிடக் கூடாது. "விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு?" என்று யாராவது கேட்டால் நம்பாதீர்கள். மருத்துவரைப் படைத்தவரும் ஆண்டவரே என்று சீராக்கின் ஞானநூல் 38-ஆம் அதிகாரம் போதிக்கிறது. இந்த மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

இரண்டாவது, நோயாளியைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. இந்நோயில் முகத்தசைகள் இறுகுவதால் சிரிப்பு தெரிவதில்லை, குரலும் தாழ்ந்துவிடுகிறது. "அப்பா எப்போதும் கோபமாகவே இருக்கிறார்" என்று பிள்ளைகள் குறைப்படுகிறார்கள். அவர் கோபமாக இல்லை. முகம் அவர் சொல்படி கேட்பதில்லை, அவ்வளவுதான். சிலருக்கு நினைவும் தடுமாறும். தந்தையின் அறிவு குறைந்தாலும் பொறுமையாய் இரு, இகழாதே என்று அதே நூலின் 3-ஆம் அதிகாரம் பிள்ளைகளுக்குக் கட்டளையிடுகிறது.

மூன்றாவது, அவர்களை மறைத்து வைக்கக் கூடாது. புனித இரண்டாம் யோவான் பவுல் பார்க்கின்சன் நோயை உலகின் கண்முன்னே தாங்கினார். 2005 மார்ச் 27, உயிர்ப்புப் பெருவிழாவன்று சன்னலுக்கு வந்தவரால் பேச முடியவில்லை. மௌனமாகவே ஆசி வழங்கினார். ஆறு நாள்களில் இறைவனடி சேர்ந்தார். பலவீனமான கையும் ஆசி வழங்கும் என்பதை அவர் நமக்குக் காட்டிச் சென்றார்.

ஆகவே, கை நடுங்கும் பெற்றோரைத் திருப்பலிக்கு அழைத்து வாருங்கள். நற்கருணையை நாவில் பெறலாம். எழுந்து நிற்க வேண்டியதில்லை. வர இயலாதவர்களின் பெயரைப் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். நற்கருணையும் நோயில்பூசுதலும் வீடு தேடி வரும். அன்பியத்தில் ஒரு மாலை அவர்கள் வீட்டில் செபமாலை சொல்லுங்கள். இரவு பகலாய்க் கவனிக்கும் மகளோ மருமகளோ அந்த ஒரு மணி நேரம் ஓய்வெடுக்கட்டும்.

ஆய்வுக்கூடத்தில் உழைப்போரையும், கட்டிலருகே விழித்திருப்போரையும் இறைவன் நிறைவாக ஆசீர்வதிப்பாராக!