புதுச்சேரி: நகரமும் நாட்டுப்புறமும்

தில்லி மாநகரின் தென்பகுதியில் உள்ள முனிர்கா, பெயரளவில் இன்றும் ஒரு சிற்றூரே. அதன் பழைய பகுதியில் இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். சந்துகள் அத்துணைக் குறுகியவை. சற்றுத் தள்ளினால் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் அகன்ற சாலைகளும் தொடங்கிவிடும். ஒரு காலத்தில் அவையும் ஊரின் நிலங்களாகவே இருந்தன. நகரம் எங்கே முடிகிறது, சிற்றூர் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்ட முடியாத இடம் முனிர்கா.

இங்கு வாழும் தமிழ்க் குடும்பங்கள் கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்கின்றன. புது தில்லியில் இரவு தமிழ்நாடு விரைவு வண்டியில் ஏறினால் மூன்றாம் நாள் காலையில் சென்னையை அடையலாம். பாட்டி வீட்டுக்குச் செல்லும் வழியில் இரண்டு நாள் ஒதுக்க முடியுமாயின், அக்குடும்பம் காண வேண்டிய ஊர் ஒன்று உண்டு. ஐரோப்பிய நகரம் ஒன்றின் அழகையும், தமிழ் நாட்டுப்புறத்தின் அமைதியையும் அடுத்தடுத்த நாள்களில் காட்டக்கூடிய அவ்வூர் புதுச்சேரி. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக ஏறத்தாழ 150 கிலோமீட்டர்.

முதல் நாள் நகரம், இரண்டாம் நாள் நாட்டுப்புறம் என்று திட்டமிடுவது எளிது. ஆயினும் பலர் முதல் நாளோடு திரும்பிவிடுகின்றனர். அவர்கள் கண்டது பாதிப் புதுச்சேரியே.

கடற்கரையை ஒட்டிய பகுதியில் தெருக்கள் நூல் பிடித்தாற்போல் நேராகச் செல்கின்றன. ஒன்றையொன்று செங்கோணத்தில் வெட்டுகின்றன. மஞ்சள் வண்ணம் பூசிய உயர்ந்த சுவர்கள், வளைந்த வாயில்கள், சுவரின் மேலிருந்து வழியும் காகிதப்பூக் கொடிகள் ஆகியவை கண்ணைக் கவரும். தெருப் பெயர்ப்பலகைகளில் பிரெஞ்சும் தமிழும் சேர்ந்திருக்கும். இவையனைத்தும் பிரெஞ்சுக்காரரின் கைவண்ணம் என்றே எல்லாரும் எண்ணுவர். உண்மை சற்று வேறு. 1674 இல் பிரான்சுவா மார்த்தேன் இங்கு பிரெஞ்சு வணிக நிலையத்துக்கு அடித்தளம் இட்டார். 1693 இல் டச்சுக்காரர் ஊரைக் கைப்பற்றினர். அவர்கள் இருந்தது ஆறே ஆண்டுகள். நேர்கோட்டுத் தெருக்களுக்கு வரைபடம் வகுத்தவர்கள் அவர்களே! 1699 இல் ஊரைத் திரும்பப் பெற்ற பிரெஞ்சுக்காரர் அதே அமைப்பைப் பின்பற்றினர். 1761 இல் ஆங்கிலேயர் நகரைப் பிடித்து இடித்துத் தள்ளினர். இன்று 'பழைய' கட்டடங்கள் என்று நாம் வியப்பவற்றுள் பெரும்பாலானவை அதன் பின் எழுந்தவை.

நகரின் நடுவே வடக்குத் தெற்காக ஒரு பெரிய வாய்க்கால் ஓடுகிறது. அதன் கிழக்கே ஐரோப்பியர் வாழ்ந்தனர். மேற்கே தமிழர் வாழ்ந்தனர். மேற்குப் பகுதி வீடுகளின் முன்புறத்தில் திண்ணை இருக்கும். தெருவை நோக்கி, கூரையின் நிழலில் கட்டப்பட்ட மேடையே திண்ணை. வழிப்போக்கர் அதில் அமர்ந்து இளைப்பாறலாம். வீட்டாரின் இசைவைக் கேட்க வேண்டியதில்லை. கிழக்குப் பகுதி வீடுகளோ தெருவுக்கு முதுகு காட்டி நிற்கும். அழகெல்லாம் மதிலுக்கு உள்ளே. இவ்விரு முறைகளும் ஒரே கூரையின்கீழ் சேர்ந்த வீடும் ஒன்று உண்டு. அது ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் மொழிபெயர்ப்பாளராகவும் தலைமை வணிகராகவும் விளங்கிய அவர், 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். அவருடைய வீட்டின் கீழ்த்தளம் மரத்தூண்களோடு தமிழ் முறையிலும், மேல்தளம் சுண்ணச் சாந்துத் தூண்களோடு ஐரோப்பிய முறையிலும் அமைந்துள்ளன.

இக்கட்டடங்களின் அழகு தானாக நிலைப்பதன்று. செங்கல்லும் சுண்ணாம்பும் மரமும் கொண்டு எழுந்த சுவர்கள், ஆண்டுதோறும் பராமரிப்பை வேண்டுபவை. கடற்கரையில் நின்ற பழைய நகராட்சிக் கட்டடத்தை ஊரார் பிரெஞ்சுச் சொல்லாலேயே 'மேரி' என்று அழைத்தனர். 2014 நவம்பரில், மழைக்காலத்தில், அது இடிந்து விழுந்தது. பின்னர் அதே தோற்றத்தில் அது மீண்டும் கட்டப்பட்டது. இன்று அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்வோருள் பலர், அது புதிய கட்டடம் என்பதை அறியார்.

நகரின் நடுவில் பாரதி பூங்கா உள்ளது. அங்கே வெண்ணிறத்தில் தூண்களும் வளைவுகளுமாக ஒரு மண்டபம் நிற்கிறது. பார்ப்பதற்கு அது முற்றிலும் ஐரோப்பியப் படைப்பு. அதன் பெயரோ 'ஆயி மண்டபம்'. நகரையும் நாட்டுப்புறத்தையும் இணைக்கும் கதை இங்கேதான் தொடங்குகிறது. முன்னொரு காலத்தில் ஆயி என்னும் பெண் ஒளி மிகுந்த மாளிகை ஒன்றில் வாழ்ந்தாளாம். அவ்வழியே சென்ற விசயநகர வேந்தர் கிருட்டிணதேவராயர் அதைக் கோயில் என்று கருதி வணங்கினார். வீடு என்று அறிந்ததும் சினந்து, இடிக்க ஆணையிட்டார். 'நானே இடித்துவிடுகிறேன்' என்று வேண்டிக்கொண்ட ஆயி, மாளிகை இருந்த இடத்தில் ஊருக்குப் பயன்படும் குளம் ஒன்றை வெட்டினாள். இது செவிவழிக் கதை; வரலாறு என்று கொள்ள இயலாது. ஆனால் அடுத்து வருவது வரலாறு. 19 ஆம் நூற்றாண்டில், பிரான்சை மூன்றாம் நெப்போலியன் ஆண்ட காலத்தில், புதுச்சேரி நகரத்தார் நல்ல குடிநீரின்றி வருந்தினர். நகருக்கு மேற்கே உள்ள முத்திரையர்பாளையத்திலிருந்து வாய்க்கால் வழியே நீர் கொண்டுவரப்பட்டது. அதன் நினைவாக எழுந்ததே இம்மண்டபம். ஐரோப்பிய நகரம் எனப் போற்றப்பட்ட ஊர், ஒரு சிற்றூரின் நீரைக் குடித்தே தாகம் தீர்த்துக்கொண்டது.

நகரிலிருந்து நாட்டுப்புறத்தை நாடிச் சென்றவர்களும் உண்டு. பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்தார். நகரை அடுத்த மாந்தோப்பு ஒன்றுக்கு அவர் அடிக்கடி செல்வார். 'குயில் பாட்டு' பிறந்தது அத்தோப்பின் நிழலில்தான்.

இரண்டாம் நாள், காலை வெயில் ஏறுமுன் புறப்படுவது நன்று. தெற்கே சில கிலோமீட்டரில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு உள்ளது. அங்கே காண்பதற்குப் பெரிதாக ஒன்றும் இராது; மரங்களும் பழஞ்சுவர்களுமே உண்டு. எனினும் 1945 இல் மார்ட்டிமர் வீலர் அங்கு அகழ்ந்தபோது, உரோம நாட்டுச் சாடிகளின் உடைந்த துண்டுகளும் மட்கலங்களும் கிடைத்தன. பிரெஞ்சுக்காரர் வருவதற்கு ஆயிரத்தறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஐரோப்பியப் பண்டங்கள் இக்கரையில் இறங்கியுள்ளன.

மேலும் தெற்கே, கடலூர்ச் சாலையில் செல்லும் பேருந்து புதுச்சேரி எல்லையைக் கடந்து தமிழ்நாட்டுக்குள் புகும். சிறிது தொலைவில் மீண்டும் புதுச்சேரிக்குள் நுழையும். பிரெஞ்சுக்காரர் வெவ்வேறு காலங்களில் துண்டு துண்டாகப் பெற்ற நிலங்களே இன்றைய புதுச்சேரி ஆகும். ஆகவே அது தமிழ்நாட்டு ஊர்களுக்கு இடையிடையே சிதறிக் கிடக்கிறது. அவ்வாறு சிதறிய பகுதிகளுள் ஒன்று பாகூர். கண்ணுக்கெட்டிய தூரம் வயல்கள். அவற்றுக்கு நீர் தரும் பெரிய ஏரி. ஏரி என்றதும் படகு விடும் இடம் என்று தில்லிப் பிள்ளைகள் எண்ணக்கூடும். தமிழகத்தில் ஏரி என்பது உழவருக்கான நீர்க்களஞ்சியம். கரையில் உள்ள மதகைத் திறந்தால் நீர் வாய்க்காலில் பாயும். மழையால் மிகும் நீர் கலிங்கின் வழியே வெளியேறும்.

பாகூரில் சோழர் காலத்து மூலநாதர் கோயில் உண்டு. அதனினும் மாணவர் அறிய வேண்டியது, அவ்வூரில் கிடைத்த செப்பேடுகள். ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் இயங்கிய கல்விக்கூடத்துக்கு மூன்று சிற்றூர்கள் கொடையாக அளிக்கப்பட்டதை அவை கூறுகின்றன. அவ்வூர்களின் வருவாயைக் கொண்டே அக்கல்விக்கூடம் நடந்தது. இன்று பாகூர் வட்டார உழவரின் கவலை வேறு. கடலோரத்தில் நிலத்தடி நீர் உவர்ந்துவருகிறது. நகரின் குடிநீர்த் தேவைக்குச் சிற்றூர்களின் கிணறுகளை நாடும் பேச்சு எழும்போதெல்லாம், வயலுக்கு என்ன மிஞ்சும் என்று அவர்கள் கேட்கின்றனர். ஆயி மண்டபத்தின் கதை இன்னும் முடியவில்லை.

நகருக்கு மேற்கே வில்லியனூர் உள்ளது. அங்குள்ள திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டத்தில் பிரெஞ்சு ஆளுநரும் வடம் பிடித்து இழுப்பது வழக்கமாக இருந்தது. வடமேற்கே ஊசுட்டேரி. அதன் ஒரு பகுதி புதுச்சேரிக்கும் மறுபகுதி தமிழ்நாட்டுக்கும் உரியது. குளிர்காலத்தில் தொலைநாட்டுப் பறவைகள் அங்கு வந்து தங்கும். கோடையில் செல்வோர் நீரையும் கரையையும் கண்டு மகிழலாம்.

வில்லியனூருக்கு அப்பால், வயல்களுக்கு நடுவே கீழூர் என்னும் சிற்றூர் உள்ளது. சுற்றுலா வழிகாட்டிகளில் அதன் பெயர் அரிதாகவே காணப்படும். இந்தியா 1947 இல் விடுதலை பெற்ற பின்னும் புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியிலேயே இருந்தது. இந்தியாவுடன் இணைவதா என்பதை முடிவு செய்ய, புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் 1954 அக்டோபர் 18 அன்று வாக்களித்தனர். அவர்கள் கூடிய இடம் மஞ்சள் சுவர் மாளிகை அன்று, கீழூரே. இணைப்பை ஆதரித்தவர் 170 பேர்; எதிர்த்தவர் 8 பேர். அடுத்த நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்டு 16 அன்று நிறைவேறியது. ஆண்டுதோறும் அந்நாளில் நகரத்து அதிகாரிகளும் அமைச்சர்களும் வயல்வெளிச் சாலையில் பயணம் செய்து, கீழூர் நினைவிடத்தில் கொடியேற்றுகின்றனர்.

செயல்பாடு: முனிர்காவை அடுத்துள்ள இராமகிருட்டிணபுரம் ஐந்தாம் பகுதியில், லோதி காலத்துப் படிக்கிணறு ஒன்று உள்ளது. பெரியவர்களுடன் சென்று அதனைக் காண்க. குழாய் வருவதற்கு முன் உங்கள் தாத்தா பாட்டியின் ஊரில் குடிநீர் எங்கிருந்து கிடைத்தது என்று தொலைபேசியில் கேட்டு, அவர்கள் கூறிய சொற்களிலேயே பத்து வரிகளில் எழுதுக.