நாடில்லாத தூதர் கொண்டாடிய சுதந்திர தினம்

வெளிநாடொன்றில் கடமையாற்றும் தூதுவருக்கு ஆண்டில் ஒரு நாள் சிறப்பானது. அது அவரது தாய்நாட்டின் சுதந்திர தினமாகும். காலையில் தூதரக வளவில் கொடியேற்றமும் தேசிய கீதமும், மாலையில் விருந்துபசாரமும் இடம்பெறும். அந்நாட்டு அமைச்சர் ஒருவர் பிரதம அதிதியாக வருகை தருவார். மறுநாள் பத்திரிகைகளில் புகைப்படம் வெளியாகும். நட்பு நாடுகளின் தேசிய தினங்களுக்கென அனுபந்தங்களை வெளியிடும் கொழும்புப் பத்திரிகைகளின் வாசகர்களுக்கு இது பழகிப்போன காட்சியே. பெப்ரவரி 4ஆம் திகதி எமது தூதரகங்களிலும் இதுவே நடைபெறுகின்றது.

ஆயினும் இதனை வெறும் விருந்தாக நோக்குவோர் ஒரு விடயத்தைக் கவனிப்பதில்லை. அன்றைய தினம் வாழ்த்துச் செய்தி அனுப்புகின்ற அரசாங்கம், "உமது நாடு உள்ளது, அதன் பிரதிநிதி நீரே" என்பதை ஆண்டுதோறும் மீண்டும் ஒப்புக்கொள்கின்றது. தூதரகக் கட்டிடத்திலும் தூதுவரின் வாசஸ்தலத்திலும் வாகனத்திலும் கொடியைப் பறக்கவிடும் உரிமையை, இராஜதந்திர உறவுகள் தொடர்பான 1961ஆம் ஆண்டின் வியன்னா சமவாயம் அதன் 20ஆவது உறுப்புரையில் வழங்கியிருப்பதும் இக்காரணத்தினாலேயே. நாடு நலமாக இருக்கும்போது இந்த ஒப்புதலின் பெறுமதி எவருக்கும் புலப்படுவதில்லை. நாடே வரைபடத்திலிருந்து அகற்றப்பட்ட பின்னரும் அதன் தூதர் சுதந்திர தினத்தைக் கொண்டாடினால் என்னவாகும்? எஸ்தோனியா, லத்வியா, லித்துவேனியா ஆகிய மூன்று போல்டிக் நாடுகளின் தூதர்கள் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் அதனைத்தான் செய்தனர்.

எஸ்தோனியாவின் சுதந்திரப் பிரகடனமே விசித்திரமான சூழ்நிலையில் பிறந்தது. 1918 பெப்ரவரி 24ஆம் திகதி தலைநகர் தலினில் குடியரசு பிரகடனப்படுத்தப்பட்டது. மறுநாளே ஜேர்மனியப் படைகள் நகருக்குள் புகுந்தன. ரஷ்யப் படைகள் விலகுவதற்கும் ஜேர்மனியர் வருவதற்கும் இடைப்பட்ட ஒரு நாள் இடைவெளியில் பிறந்த சுதந்திரம் அது. பின்னர் போர் புரிந்து, 1920 பெப்ரவரி 2ஆம் திகதி கைச்சாத்தான தார்த்து சமாதான உடன்படிக்கையின் மூலம் சோவியத் ரஷ்யாவின் அங்கீகாரத்தை அந்நாடு பெற்றது. இருப்பினும் எஸ்தோனியர் தேசிய தினமாகக் கொண்டது உடன்படிக்கை கைச்சாத்தான நாளையன்று, ஒரு நாள் மாத்திரமே நிலைத்த அந்தப் பிரகடன நாளையே.

இருபது ஆண்டுகள் கழிந்து, 1939 ஓகஸ்ட் 23ஆம் திகதி ஹிட்லரின் ஜேர்மனியும் ஸ்டாலினின் சோவியத் ஒன்றியமும் செய்துகொண்ட உடன்படிக்கையின் இரகசியப் பிரிவு கிழக்கு ஐரோப்பாவைப் பங்கிட்டது. 1940 ஜூன் மாதத்தில் இறுதி எச்சரிக்கைகள் விடுக்கப்பட்டன, செம்படை நுழைந்தது. ஒரேயொரு வேட்பாளர் பட்டியலுடன் தேர்தல் என்ற பெயரில் ஒரு நாடகம் அரங்கேறியது. ஓகஸ்ட் முதல் வாரத்திற்குள் மூன்று நாடுகளும் சோவியத் குடியரசுகளாக இணைக்கப்பட்டுவிட்டன. வெளிநாடுகளிலிருந்த அவற்றின் தூதர்களுக்கு, தூதரகங்களைச் சோவியத் பிரதிநிதிகளிடம் ஒப்படைத்துவிட்டு நாடு திரும்புமாறு கட்டளை பிறந்தது. அவர்களிற் பலர் மறுத்துவிட்டனர்.

தூதர் மறுப்பது மாத்திரம் போதுமானதன்று. அவரை ஏற்றிருக்கும் நாடும் அவர் பக்கம் நிற்க வேண்டும். சுவீடன் தனது மண்ணிலிருந்த தூதரகக் கட்டிடங்களைச் சோவியத் தரப்பிடம் கையளித்தது. அமெரிக்கா மறுத்தது. 1940 ஜூலை 23ஆம் திகதி, இராஜாங்கச் செயலாளரின் பதிற்கடமையிலிருந்த சம்னர் வெல்ஸ் வெளியிட்ட பிரகடனம் இந்த இணைப்பைக் கண்டித்தது. அதற்கு எட்டு நாட்களுக்கு முன்னரே ஜனாதிபதி ரூஸ்வெல்ட், அமெரிக்காவிலிருந்த போல்டிக் நாடுகளின் சொத்துகளை முடக்கி ஆணை பிறப்பித்திருந்தார். சோவியத் கைகளுக்குப் பணம் சென்றுவிடக்கூடாது என்பதே நோக்கம். ஆனால் முடக்கப்பட்ட அந்நிதியிலிருந்து தூதரகங்களின் செலவுக்குப் பணம் எடுக்க அனுமதி வழங்கப்பட்டமைதான் அடுத்த ஐம்பதாண்டுக் கதையைச் சாத்தியமாக்கியது. கொள்கை எவ்வளவு உயர்ந்ததாயினும், தூதரகத்திற்கு வாடகையும் மின்கட்டணமும் உண்டல்லவா? லித்துவேனியாவின் பங்கு 1980 அளவில் தீர்ந்துபோனபோது, லத்வியாவின் நிதியிலிருந்து கடன் பெற்றே அத்தூதரகம் தாக்குப்பிடித்தது.

இத்தூதர்களுள் நெடுங்காலம் நிலைத்தவர் ஏர்ன்ஸ்ட் யாக்சன். 1905இல் ரீகா நகரிற் பிறந்த எஸ்தோனியர். பதின்ம வயதிலேயே தமது நாட்டின் வெளியுறவுச் சேவையில் இணைந்து, 1930களின் தொடக்கத்தில் நியூயோர்க் கொன்சல் அலுவலகத்திற்கு வந்துசேர்ந்தார். எஸ்தோனியாவுக்கு வொஷிங்டனில் அக்காலத்தில் தனியான தூதரகம் இயங்கவில்லை. நியூயோர்க்கின் ரொக்பெல்லர் மையத்திலிருந்த அவ்வலுவலகமே அதன் பிரதிநிதித்துவம் முழுவதையும் சுமந்தது. கொன்சல் நாயகமாக விளங்கிய யொஹான்னஸ் கைவ் 1965இல் காலமானதும் அப்பொறுப்பு யாக்சனின் தோள்களில் வீழ்ந்தது.

அவரது கடமைகள் என்னவென்று எண்ணிப்பார்த்தால் வியப்பாக இருக்கும். கட்டளையிட வெளியுறவு அமைச்சு இல்லை. அறிக்கை அனுப்புவதற்கு முகவரியும் இல்லை. ஆயினும் புலம்பெயர்ந்த எஸ்தோனியர்களுக்கு அவர் எஸ்தோனியக் கடவுச்சீட்டு வழங்கினார். அவற்றை அமெரிக்காவும் வேறு சில நாடுகளும் ஏற்றுக்கொண்டன. இல்லாத நாடொன்றின் கடவுச்சீட்டுடன் மனிதர்கள் எல்லைகளைக் கடந்தனர். ஆண்டுதோறும் பெப்ரவரி 24ஆம் திகதி நெருங்கும்போது, அமெரிக்க இராஜாங்கச் செயலாளரிடமிருந்து எஸ்தோனியாவின் தேசிய தினத்திற்கான வாழ்த்துச் செய்தி அவருக்கு வந்தது. பெப்ரவரி 16இல் லித்துவேனியத் தூதருக்கும், நவம்பர் 18இல் லத்வியத் தூதருக்கும் அவ்வாறே.

அதே நாளில் தலினில் நிலைமை வேறு. நீலம், கறுப்பு, வெள்ளை நிறங்களைக் கொண்ட கொடியை வைத்திருப்பதே குற்றமாகக் கருதப்பட்டது. 1941 ஜூனில் ஏறத்தாழ 10,000 பேரும், 1949 மார்ச்சில் 20,000க்கும் மேற்பட்டோரும் எஸ்தோனியாவிலிருந்து சோவியத் ஒன்றியத்தின் உட்பகுதிகளுக்கும் சைபீரியாவுக்கும் நாடுகடத்தப்பட்டிருந்தனர். அவர்களிற் பெரும்பாலானோர் பெண்களும் சிறுவர்களும் முதியவர்களும். பதினொரு இலட்சம் அளவிலான மக்களைக் கொண்டிருந்த சிறிய நாடொன்றில் இவ்வெண்ணிக்கையின் கனத்தை எமது வாசகர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சொந்த மண்ணில் உச்சரிக்க இயலாத ஒரு நாளை அந்நிய மண்ணில் ஒருவர் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து முறைப்படி கொண்டாடுவதை அபத்தம் என்று கூறியவர்களும் இருந்திருப்பார்கள். வல்லரசுகளின் கணக்கில் அது அபத்தமே.

அபத்தம் என்று முடிவெடுத்த நாடுகளும் உண்டு. அவுஸ்திரேலியாவின் விட்லம் அரசாங்கம் 1974இல் இந்த இணைப்பைச் சட்டரீதியாக அங்கீகரித்தது. அடுத்த ஆண்டு ஆட்சிக்கு வந்த பிரேசர் அரசாங்கம் அதனை மீளப்பெற்றது. பிரித்தானியாவின் போக்கு நூதனமானது. இணைப்பு நடைமுறையில் நிகழ்ந்துவிட்டது, ஆனால் சட்டத்தில் நிகழவில்லை என்பது லண்டனின் வாதம். ஆகவே அங்கிருந்த மூன்று தூதர்களின் பெயர்களும் இராஜதந்திரிகள் பட்டியலின் பின்னிணைப்பில் வைக்கப்பட்டன. அவர்கள் இறந்தால் அவ்விடத்திற்கு வேறெவரும் ஏற்கப்படமாட்டார். லத்வியாவின் சாரின்ஸ் 1963இலும், லித்துவேனியாவின் பலூட்டிஸ் 1967இலும், எஸ்தோனியாவின் தொர்மா 1971இலும் மறைந்தனர். பட்டியல் தானாகவே வெறுமையாயிற்று. இங்கிலாந்து வங்கியில் வைப்பிலிருந்த போல்டிக் தங்கத்தையும் 1960களின் பிற்பகுதியில் விற்று, சோவியத் ஒன்றியத்துடனான இழப்பீட்டுக் கணக்குகளைத் தீர்ப்பதற்குப் பிரித்தானியா பயன்படுத்திக்கொண்டது. 1992இல் அதற்கீடானதைத் திருப்பியளிக்க நேர்ந்தது வேறு விடயம்.

அமெரிக்காவிலும் மூப்பு ஓர் எதிரியாகவே இருந்தது. 1940க்கு முன்னர் சேவையில் இருந்தோரே தூதராக ஏற்கப்படுவர் என்ற விதி நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. நியமனக் கடிதம் வழங்குவதற்கு அரசாங்கம் இல்லாத நிலையில் வேறு வழியும் இல்லைதான். ஆண்டுகள் செல்லச்செல்ல எஞ்சியோர் அருகினர்; பின்னாளில் விதியைத் தளர்த்த வேண்டியதாயிற்று. 1987இல் லித்துவேனியத் தூதரகத்தின் தலைமையை ஏற்ற ஸ்டாசிஸ் லொசொரைட்டிஸ், நாடு பறிபோனபோது பதினாறு வயதைக்கூட எட்டாதவர். அவரது தந்தையாரே முந்திய தலைமுறையின் தூதர். பதவி தந்தையிடமிருந்து மகனுக்குக் கைமாறும் அளவுக்கு அந்தக் காத்திருப்பு நீண்டிருந்தது.

1989 பெப்ரவரி 24ஆம் திகதி தலின் கோட்டையின் உயர்ந்த கோபுரத்தில், சோவியத் ஆட்சி நீடித்துக்கொண்டிருந்தபோதே, மூவர்ணக் கொடி மீண்டும் ஏறியது. 1991 ஓகஸ்ட் 20ஆம் திகதி எஸ்தோனியா சுதந்திரத்தை மீள உறுதிப்படுத்தியது. செப்டெம்பர் 17ஆம் திகதி மூன்று நாடுகளும் ஐக்கிய நாடுகள் சபையில் அனுமதிக்கப்பட்டன. அவ்வேளையில் அமெரிக்கா அவற்றைப் புதிய நாடுகளாக அங்கீகரிக்கவில்லை. அறுபடாத அங்கீகாரத்தின் தொடர்ச்சியாக, இராஜதந்திர உறவுகளையே மீள ஆரம்பித்தது. அதே ஆண்டில் ஜனாதிபதி புஷ்ஷிடம் எஸ்தோனியத் தூதுவராக நியமனக் கடிதத்தைக் கையளித்தவர் 86 வயதான யாக்சன். லத்வியாவின் முதலாவது தூதுவராக அமைந்தவரும் பழைய தூதரான டின்பேர்க்ஸே. லொசொரைட்டிஸ் தாயகம் சென்று 1993 ஜனாதிபதித் தேர்தலிலும் போட்டியிட்டார். மக்களோ முன்னாள் கம்யூனிஸ்ட் தலைவர் பிரசவுஸ்காஸையே தெரிவுசெய்தனர். வெளியிலிருந்து கொடியைக் காத்தவருக்கும் உள்ளேயிருந்து துன்பத்தைச் சுமந்தவர்களுக்கும் இடையில் ஒரு தூரம் இருக்கவே செய்தது.

இந்தத் தொடர்ச்சிக்கு மறுபக்கமும் உண்டு. "நாம் புதிய நாடல்ல, 1918இன் அதே நாடு" என்ற வாதத்தின் நேரடி விளைவாக, 1992இல் எஸ்தோனியா தனது பழைய பிரஜாவுரிமைச் சட்டத்தை மீள நடைமுறைப்படுத்தியது. 1940க்கு முன்னரான பிரஜைகளும் அவர்தம் வழித்தோன்றல்களும் தாமாகவே பிரஜைகளாயினர். சோவியத் காலத்தில் குடியேறிய ரஷ்ய மொழி பேசுவோரும், அங்கேயே பிறந்த அவர்களது பிள்ளைகளும் மொழிப் பரீட்சைக்குத் தோற்ற வேண்டியவர்களாயினர். சனத்தொகையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் ஒரே நாளில் பிரஜாவுரிமை அற்றவர்களாக நின்றனர். வரலாறும் சட்ட நியாயமும் வேறானவையாயினும், சுதந்திரம் கிடைத்த அதே ஆண்டில் மலையக மக்களின் பிரஜாவுரிமையைப் பறித்த 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தை அறிந்த எவரும் இதனை இலகுவில் கடந்துசெல்ல முடியாது. பின்வந்த ஆண்டுகளில் அவ்வெண்ணிக்கை வெகுவாகக் குறைந்தபோதிலும், பிரச்சினை முற்றாகத் தீர்ந்துவிடவில்லை.

அண்மைக் காலத்தில் இதே நிலைக்குத் தள்ளப்பட்டவர்கள் ஆப்கானிஸ்தானின் தூதர்கள். 2021 ஓகஸ்ட் 15ஆம் திகதி காபூல் தலிபான்களிடம் வீழ்ந்தது. நான்கு நாட்களில், ஓகஸ்ட் 19ஆம் திகதி, அந்நாட்டின் சுதந்திர தினம். 1919இல் பிரித்தானியரின் பிடியிலிருந்து வெளியுறவு விவகாரங்களை மீட்டெடுத்த அந்த நாளை இரு தரப்பினரும் சொந்தம் கொண்டாடுகின்றனர். தலிபான்கள் காபூலில் தமது வெள்ளைக் கொடியின் கீழ் அதனை அனுஷ்டித்தனர். வெளிநாட்டுத் தூதரகங்களில் கறுப்பு, சிவப்பு, பச்சை மூவர்ணக் கொடியே தொடர்ந்தும் பறந்தது. அதே மூவர்ணக் கொடியுடன் ஆப்கானிய நகரங்களில் வீதிக்கு இறங்கியோர் மீது துப்பாக்கிப் பிரயோகம் நடத்தப்பட்டதில் உயிர்கள் பலியாயின.

ஆனால் போல்டிக் தூதர்களுக்குக் கிடைத்தது ஆப்கான் தூதர்களுக்குக் கிடைக்கவில்லை. 2021இலும் அமெரிக்கா ஆப்கானிஸ்தானின் பல நூறு கோடி டொலர் சொத்துகளை முடக்கியது. இம்முறை தூதரகத்தின் வங்கிக் கணக்குகளும் சேர்ந்தே முடங்கின. ஊழியர்களுக்குச் சம்பளம் வழங்க முடியாத நிலையில் வொஷிங்டன் தூதரகம் 2022 மார்ச்சில் மூடப்பட்டது. 2023இல் புதுடில்லியிலும் பழைய நிர்வாகம் தூதரகத்தை மூடிவிட்டு வெளியேறியது. 2024 ஜூலையில், முன்னைய அரசாங்கம் நியமித்த தூதர்கள் பணிபுரிந்த, பெரும்பாலும் ஐரோப்பாவிலுள்ள தூதரகங்கள் பலவற்றின் ஆவணங்களை ஏற்கப்போவதில்லையெனக் காபூல் அறிவித்தது. தலிபான்களை அங்கீகரிக்காத பிரித்தானியாவே, அவர்கள் லண்டன் தூதரக ஊழியர்களைப் பதவிநீக்கியதைக் காரணங்காட்டி, அதனை மூடுமாறு கோரியது. 2024 செப்டெம்பர் 27ஆம் திகதி அதன் கதவுகள் மூடப்பட்டன.

யாக்சன் 1998 செப்டெம்பரில், தமது தொண்ணூற்று மூன்றாவது வயதில், நியூயோர்க்கிலேயே காலமானார்.