சாம்பிள் ரோஸ்டர் வாங்கப் போகிறீர்களா?

ஏற்காட்டுத் தோட்டக்காரர் ஒருவர் அரைக் கிலோ பச்சைக் கொட்டையைப் பொட்டலம் கட்டி பெங்களூருக்கு அனுப்புகிறார். பத்து நாள் கழித்து வியாபாரி போனில் சொல்கிறார்: "காபி கொஞ்சம் தட்டையா இருக்குங்க. பச்சை வாடை வேற தூக்குது." விலை இறங்கிவிடுகிறது. அந்தக் குறை கொட்டையிலேயே இருந்ததா, வறுத்த கை செய்ததா? தோட்டக்காரரிடம் பதில் இல்லை. பழம் பறித்து, பல்ப் எடுத்து, கழுவி, களத்தில் காயவைத்து மூட்டை கட்டியது வரைக்கும்தான் அவருடைய கண்பார்வையில் நடந்தது.

நாலு தோட்டக்காரர்கள் சேர்ந்து சொந்தமாக ஒரு சுவைக்கூடம் வைக்கலாமே என்று பேச ஆரம்பிப்பது இந்த இடத்தில்தான். பேசிய முதல் நாளே பேச்சு "எந்த ரோஸ்டர் வாங்கலாம்?" என்பதில் போய் நின்றுவிடுகிறது. அதைக் கொஞ்சம் தள்ளிவைத்து, இந்த மெஷின் எதற்கு என்பதிலிருந்து வருவோம். அது புரிந்துவிட்டால் பாதி மெஷின்கள் தாமாகவே பட்டியலிலிருந்து விழுந்துவிடும்.

காபித்தூள் கடையில் இருக்கும் ரோஸ்டர் சுவையை உண்டாக்குகிற மெஷின். பீபெரியும் பிளாண்டேஷன் ஏ-யும் எந்த அளவில் கலப்பது, எவ்வளவு கருக்குவது, சிக்கரி எத்தனை சதவீதம், பாலில் நிற்குமா என்பதெல்லாம் அங்கே கேள்வி. சுவைக்கூடத்தின் ரோஸ்டருக்கு இதில் ஒரு வேலையும் கிடையாது. அது பொன்னை உரசிப் பார்க்கிற கல். கல் தன் நிறத்தைப் பொன்னில் ஏற்றினால் ஆசாரி அதைத் தூக்கி எறிந்துவிடுவார். மெஷின் தன்னுடைய சுவையைக் கோப்பைக்குள் கொண்டுவரக் கூடாது. திங்கட்கிழமை வறுத்ததையே வெள்ளிக்கிழமை வறுத்தாலும் அதே காபி வர வேண்டும். ஒரு சாம்பிள் ரோஸ்டரிடம் நான் கேட்பது இவ்வளவுதான். இதைத் தருகிற மெஷின் கண்ணுக்கு அழகாக இல்லாவிட்டால் பரவாயில்லை.

உலகம் முழுக்கச் சுவைப்பவர்கள் கிட்டத்தட்ட ஒரே முறையைத்தான் பின்பற்றுகிறார்கள். ஸ்பெஷாலிட்டி காபி அசோசியேஷன் வகுத்து நெடுநாளாக நடைமுறையில் இருக்கும் அளவுகள் இவை: வறுவல் 8 முதல் 12 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். நிறம் இளம் பழுப்பைத் தாண்டி நடுத்தரத்துக்குள் நிற்க வேண்டும். வறுத்த கொட்டை குறைந்தது 8 மணி நேரம் ஓய்வெடுக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் சுவைத்துவிட வேண்டும். 150 மில்லி தண்ணீருக்கு 8.25 கிராம் தூள், தண்ணீரின் சூடு சுமார் 93 டிகிரி. ஒவ்வொரு சாம்பிளுக்கும் ஐந்து கோப்பை. ஐந்து எதற்கு என்றால், புளித்துப்போன ஒரே ஒரு கொட்டை ஒரே ஒரு கோப்பையைக் கெடுக்கும். ஒரே கோப்பை வைத்தால் அது கண்ணில் படாமலே போகலாம். ஏற்காடு போல 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால், அங்கே கெட்டில் கொதித்ததும் அதிகம் காத்திருக்க வேண்டியதில்லை.

ஏன் இவ்வளவு இளம் வறுவல் என்று நம் ஊர்க்காரர்கள் கேட்பது நியாயம்தான். டிகிரி காபிக்குப் பழகிய நாக்குக்கு அது புளிப்பாகத்தான் தெரியும். ஆனால் கருக வறுத்தால் எல்லாக் கொட்டையும் ஒரே கசப்பில் ஒளிந்துகொள்ளும். இளம் வறுவலில் தட்டில் கொட்டிப் பார்த்தாலே கதை தெரிந்துவிடும். நூறு கிராமில் ஏழெட்டுக் கொட்டை மட்டும் மற்றவை பழுப்பேறிய பிறகும் வெளிறிப்போய், வேர்க்கடலை நிறத்தில் கிடக்கும். ஒன்றை எடுத்துக் கடித்தால் வாயில் வேர்க்கடலைத் தோலின் ருசி. அதெல்லாம் காய்ப்பருவத்தில் பறித்த பழத்தின் கொட்டை. சர்க்கரை சேராததால் நிறம் ஏறவில்லை. பச்சையாக இருக்கும்போது அதை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பிரித்தெடுப்பது கடினம். கருக்கிவிட்டால் அந்த வித்தியாசமும் மங்கிவிடும். அடுத்த வாரம் பறிப்பு ஆட்களிடம் "சிவந்த பழம் மட்டும்" என்று சொல்வதற்கு இந்த ஏழெட்டுக் கொட்டையைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

இனி அளவு. விற்பவர்கள் 50 கிராம் மெஷினும் காட்டுவார்கள், ஒரு கிலோ மெஷினும் காட்டுவார்கள். காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 மில்லிக் கோப்பை என்றால் ஒன்றுக்கு 11 கிராம், ஐந்துக்கு 55 கிராம். முந்தைய சாம்பிளின் தூள் கலக்காதிருக்க அரவை மெஷினில் முதலில் கொஞ்சம் கொட்டையை அரைத்துக் கொட்ட வேண்டும். அதற்கு ஒரு பத்து கிராம். ஆக 65 கிராம் வறுத்த கொட்டை தேவை. வறுக்கும்போது ஈரமும் ஆவியும் போய் எடை 13, 14 சதவீதம் குறையும். 50 கிராம் போட்டால் கையில் வருவது 43 கிராம். ஐந்து கோப்பைக்கே பற்றாது. 100 கிராம் போட்டால் 86 கிராம். கோப்பைக்கும் போக, நிறம் பார்க்கவும், சந்தேகம் வந்தால் இன்னொரு முறை ஊற்றவும் மிஞ்சும். ஒரு கிலோ மெஷினில் 100 கிராமைப் போட்டால் டிரம்மின் அடியில் நாலு கொட்டை உருள்வது போல உருளும், வெப்பமானியின் முனை கொட்டைக்குள் புதையாமல் காற்றைத்தான் அளக்கும். சுவைக்கூடத்துக்கு 100 கிராம்தான் சரியான அளவு. லண்டனில் உருவான இகாவா நிறுவனம் தன் தொழில்முறை மாடலை 50 கிராமில் தொடங்கி, பிறகு 100 கிராமுக்கும் மாடல் கொண்டுவந்தது.

வகைகளுக்கு வருவோம். பழைய முறை டிரம் வரிசை. ஜெர்மனியில் எமெரிக் நகரத்தில் 1868-ல் தொடங்கிய புரோபாட் நிறுவனத்தின் பி.ஆர்.இசட். மாடல்கள் இன்றும் பெரிய ஏற்றுமதி நிறுவனங்களின் கூடங்களில் சுழல்கின்றன: இரண்டு, நான்கு, ஆறு என்று டிரம்கள் ஒரே வரிசையில். ஒவ்வொன்றிலும் ஒரு சாம்பிள். பழகிய ஆள் ஒருவர் இரண்டு நிமிட இடைவெளியில் ஒவ்வொரு டிரம்மாகக் கொட்டையைப் போட்டுக்கொண்டே போவார். அவர் மீட்டரை அதிகம் பார்ப்பதில்லை. சின்னக் கரண்டியால் கொஞ்சம் கொட்டையை எடுத்து மூக்கருகே கொண்டுபோவார். நாலாவது, ஐந்தாவது நிமிடத்தில் பச்சை நிறம் மஞ்சளாகும், வைக்கோல் வாசம் போய் ரொட்டி வாசம் வரும். ஏழு, எட்டாவது நிமிடத்தில் சோளம் பொரிவது மாதிரி முதல் வெடிப்பு காதில் விழும். அதிலிருந்து ஒன்றரை நிமிடம் போல விட்டு, கொட்டி, காற்றில் ஆறவைப்பார். மெஷின் நூறு வருஷம் உழைக்கும். ஆனால் அந்த ஆள் விடுப்பில் போனால் கூடமே விடுப்பில் போகும். மாதம் முழுக்க வேலையும், சம்பளத்துக்கு முழுநேர ஆளும் இருக்கிற இடத்துக்கு மட்டுமே இது பொருந்தும்.

இரண்டாவது, சூடான காற்றிலேயே கொட்டையை மிதக்கவிட்டு வறுப்பது. இகாவா இந்த வகை. வறுவலின் வெப்பப் பாதையைக் கைப்பேசியில் வரைந்து அனுப்பினால் மெஷின் அப்படியே நடக்கும். யார் பொத்தானை அழுத்தினாலும் ஒன்றுதான். காற்றில் வறுத்த காபியில் புளிப்பு சற்றுத் துலக்கமாகவும், வாய் நிறைவு சற்று மெலிதாகவும் எனக்குத் தெரிகிறது. அராபிகாவுக்கு அது கெடுதல் இல்லை. கூடலூர்ப் பக்கத்து ரொபஸ்டாவை எடைபோடுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ரொபஸ்டாவின் மதிப்பே அந்த வாய் நிறைவில்தான் இருக்கிறது.

மூன்றாவது, சின்ன டிரம்மும் கணினிக் கட்டுப்பாடும் சேர்ந்த புது மெஷின்கள். நார்வேயின் ரோஸ்ட் இதற்கு நல்ல உதாரணம். 100 கிராம் அளவு, மின்சாரத்தில் ஓடும், முதல் வெடிப்பைத் தானே கேட்டுக் குறித்துக்கொள்ளும். உள்நாட்டிலேயே செய்யப்படும் சிறு டிரம் ரோஸ்டர்களும் கிடைக்கின்றன. விலை குறைவு, பழுது பார்க்க ஆள் கிட்டத்தில். இறக்குமதி என்றால் விலை லட்சங்களில்தான், அதன்மேல் சுங்க வரியும் கப்பல் கூலியும். ஒரு வெப்பமானி கெட்டுப்போய், அது வெளிநாட்டிலிருந்து வந்துசேர ஒரு மாதம் ஆனால், அறுவடைக் காலமே போய்விடும். அராபிகா பறிப்பு நவம்பரில் தொடங்கி ஜனவரி, பிப்ரவரியில் முடிந்துவிடுகிறது. அதனால் வெப்பமானி, ஹீட்டர், மோட்டார் பெல்ட் ஆகியவற்றில் உபரியாக ஒவ்வொன்று வாங்கி அலமாரியில் வைக்காமல் எந்த மெஷினையும் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது.

இன்னொரு விஷயம், இதைத்தான் மலையில் இருப்பவர்கள் முதலில் யோசிக்க வேண்டும்: கரண்ட். ஹீட்டர் தரும் சூடு மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 200 வோல்ட் வந்தால் சூடு கால் பங்கு குறைந்துவிடும். மாலையில் ஊரே விளக்குப் போடும் நேரத்தில் வறுத்த சாம்பிளும், நள்ளிரவில் வறுத்த சாம்பிளும் வேறு வேறு காபியாக வரும். நாம் உட்கார்ந்து "இந்த லாட்டில் உயிர் இல்லை" என்று பேசிக்கொண்டிருப்போம். மெஷினின் வாட்டுக்குப் பொருத்தமான நல்ல ஸ்டெபிலைசர் அதே பில்லில் சேர வேண்டும். கேஸ் மெஷின் என்றாலும் தப்பிக்க முடியாது. டிசம்பர் காலைக் குளிரில் சிலிண்டரின் அழுத்தம் இறங்கும், அதனால் குழாயில் அழுத்தமானி அவசியம். அமெரிக்காவிலிருந்து பழைய மெஷின் மலிவாக வருகிறது என்று யாராவது சொன்னால், அது 120 வோல்ட் மெஷினா என்று முதலில் கேளுங்கள்.

புகையை வெளியேற்றும் குழாய், வறுக்கும்போது கொட்டையிலிருந்து உதிரும் சருகைப் பிடிக்கும் பெட்டி, அதை அன்றாடம் காலிசெய்யும் வழக்கம் மூன்றும் வேண்டும். காய்ந்த சருகு தீப்பிடிக்கும். சுவைக்கும் மேசை வேறு அறையில் இருக்கட்டும்.

பணம் முழுவதையும் ரோஸ்டரில் போட்டுவிட்டு மற்றதற்குக் கையை விரிப்பது எனக்குச் சம்மதமில்லை. தோட்டத்திலிருந்து வருவது பார்ச்மென்ட். அதன் ஓட்டை நீக்க ஒரு சிறு ஹல்லர் இல்லாவிட்டால் ரோஸ்டருக்குப் போட கொட்டையே இருக்காது. அடுத்தது ஈரப்பதமானி. கொட்டையில் ஈரம் 10 முதல் 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 9 சதவீதக் கொட்டையும் 13 சதவீதக் கொட்டையும் ஒரே சூட்டில் ஒரே மாதிரி வறுபடாது. ஒன்று முந்திக் கருகும், மற்றது உள்ளே வேகாமல் பச்சை வாடை அடிக்கும். பெங்களூர் வியாபாரி போனில் சொன்ன அந்த வாடை இப்படியும் வந்திருக்கலாம். பிறகு சீராக அரைக்கும் அரவை மெஷின், 0.1 கிராம் காட்டும் தராசு. நிறமானி விலை அதிகம். முதல் வருஷம் எடை இழப்பைக் குறித்துவைத்தே சமாளிக்கலாம். ஒவ்வொரு வறுவலுக்கும் முன் எடை, பின் எடை, வெடிப்பு நேரம், மொத்த நேரம் என்று நாலு எண்களை நோட்டில் எழுதுங்கள். பக்கத்துக் கூடத்து மெஷினில் முதல் வெடிப்பு 196 டிகிரியில் வருகிறது, நம்முடையதில் 205 காட்டுகிறதே என்று பதற வேண்டாம். வெப்பமானி எங்கே செருகியிருக்கிறதோ அதைப் பொறுத்து எண் மாறும். ஆனால் நம்முடைய 205 என்றைக்கும் 205-ஆகவே இருக்க வேண்டும்.

நாளுக்குப் பத்து சாம்பிளுக்குள் பார்க்கிற குழுவுக்கு என் தீர்ப்பு இது: கட்டுப்பாடும் பதிவும் தானாக நடக்கிற, 100 கிராம் மின்சார மெஷின் ஒன்று. ஒரு வறுவலுக்கு ஆறவைப்பதோடு கால் மணி நேரம் என்று வைத்தாலும் இரண்டரை மணி நேரத்தில் பத்தும் முடிந்துவிடும். ஆறு டிரம் வரிசைக்கு ஆசைப்பட வேண்டாம்.

ஆனால் விளம்பரத் தாளைப் பார்த்து முன்பணம் கட்டாதீர்கள். உங்கள் தோட்டத்துக் கொட்டையிலேயே, ஒரே லாட்டில் ஒரு கிலோ எடுத்துக்கொண்டு விற்பவரிடம் நேரில் போங்கள். மெஷின் குளிர்ந்திருக்கும்போது ஆரம்பித்து, இடைவெளி விடாமல் ஐந்து முறை ஒரே அமைப்பில் வறுக்கச் சொல்லுங்கள். ஐந்தின் எடை இழப்பையும் வெடிப்பு நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் மூன்று கோப்பை வையுங்கள்: இரண்டில் முதல் வறுவல், ஒன்றில் ஐந்தாவது. எது வேறு என்று தெரியாத நாலைந்து பேரைச் சுவைக்கச் சொல்லி, தனியாக நிற்கும் கோப்பையைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார். அதனால் ஒவ்வொருவரும் இரண்டு மூன்று முறை சுவைக்கட்டும். தொடர்ந்து கண்டுபிடிக்க முடிந்தால் அந்த மெஷின் சுவைக்கூடத்துக்கு ஆகாது. இந்தச் சோதனைக்கு ஒப்புக்கொள்ளாத விற்பனையாளரிடம் எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.