வாய்க்காலை அடைத்துப் பார்க்கும் அறிவியல்

அக்கராயன் குளத்திலிருந்து எந்த வாய்க்கால் எந்த வயலுக்குப் போகிறது என்று தெரியாதவர் என்ன செய்வார்? ஒன்றை அடைத்துவிட்டு, எந்த வயல் காய்கிறது என்று பார்ப்பார். புரதம் செய்யாத ஆர்.என்.ஏ.க்களின் வேலையைக் கண்டுபிடிக்க உயிரியலாளர்கள் செய்வதும் அதுதான்.

மனித டி.என்.ஏ.யில் புரதத்துக்கான குறிப்பு ஏறத்தாழ 2 வீதம். மீதியிலிருந்தும் ஆயிரக்கணக்கான ஆர்.என்.ஏ.க்கள் உருவாகின்றன. அவற்றில் எது வேலை செய்கிறது, எது வெறும் கழிவு? அடைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அடைக்க ஒரு வழி உண்டு. இரட்டை இழை ஆர்.என்.ஏ.யைச் செலுத்தினால் அதே வரிசை கொண்ட மரபணு அடங்கிவிடும் என்று அண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெலோவும் 1998இல் ஒரு சிறு புழுவில் காட்டினார்கள். 2006இல் நோபல் பரிசு கிடைத்தது. தாவரங்களோ வைரசுகளை எதிர்க்க இந்த வித்தையை எப்போதோ கைக்கொண்டுவிட்டன. வன்னியில் உளுந்து போடுகிறவர்களுக்கு இலை மஞ்சளாகும் நோய் தெரியும். வெண் ஈ பரப்பும் வைரசு அது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் வேலுத்தம்பி குழுவும் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்களும் அந்த வைரசின் வரிசையிலிருந்து இரட்டை இழை ஆர்.என்.ஏ. உண்டாகும்படி செய்ய, நோயுற்ற உளுந்துச் செடிகள் தேறின. 2003இல் வெளியான ஆய்வு அது. அவர்கள் குறிவைத்தது வைரசின் புரதக் குறிப்பை அல்ல, மரபணுக்களை இயக்கிவிடும் பகுதியை. எனக்கு இதில் பிடித்த இடமே அதுதான்.

மனிதனின் ஆயிரக்கணக்கான ஆர்.என்.ஏ.க்களை ஒவ்வொன்றாக அடைத்தால் ஆயுள் போதாது. 2017இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள், டி.என்.ஏ.யை வெட்டாமல் மரபணுவின் தொடக்கத்தில் போய் உட்கார்ந்து தடுக்கும் கிறிஸ்பர் முறையால், ஏழு வகை மனிதக் கலங்களில் புரதம் செய்யாத 16,401 நீண்ட ஆர்.என்.ஏ. மரபணுக்களைச் சோதித்தார்கள். கல வளர்ச்சிக்குத் தேவையானவையாக 499 தேறின. அவற்றில் 89 வீதம் ஒரே ஒரு வகைக் கலத்தில் மட்டுமே விளைவு காட்டின. ஆகவே ஒரு வகைக் கலத்தில் அடைத்துப் பார்த்து, 'இதற்கு வேலையில்லை' என்று தள்ளிவிட முடியாது.

சிக்கலும் உண்டு. அடைத்த இடம் பக்கத்து மரபணுவின் தொடக்கமாகவும் இருந்தால் அதுவும் நின்றுவிடும், பழி ஆர்.என்.ஏ. மீது விழும். சிறு இரட்டை இழைகளும் சில வேளை தவறான இலக்கைப் பிடிக்கும். அதனால்தான் யப்பானின் ரிக்கன் நிறுவனம் தலைமை தாங்கி 2020இல் வெளியிட்ட ஆய்வில், 285 நீண்ட ஆர்.என்.ஏ.க்கள் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஐந்து வெவ்வேறு தடுப்பிழைகளை வடிவமைத்தார்கள்.

'இந்த ஆர்.என்.ஏ.தான் புற்றுநோய்க்குக் காரணம்' என்று இனி ஒரு செய்தி வந்தால், எத்தனை வழியில் அடைத்துப் பார்த்தார்கள் என்று முதலில் தேடுங்கள். ஒரே வழிதான் என்றால் நம்ப அவசரப்பட வேண்டாம்.