இறந்தவர் பெயரில் ஓடும் வண்டி

ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு இறங்கும் மலைப்பாதையில் சாமை மூட்டையும் புளியும் பலாப்பழமும் சுமந்து செல்லும் சிறு சரக்கு வண்டிகளும், ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் மனிதரை ஏற்றிச் செல்லும் மோட்டார் சைக்கிள்களும் ஜவ்வாது மலைக் குடும்பங்களின் ஜீவனோபாயத்தில் ஓர் அங்கமாகிவிட்ட இந்நாளில், குடும்பத் தலைவர் காலமானதும் அவருடைய வண்டி காரியம் முடிந்த கையோடு மகனிடமோ மருமகனிடமோ போய்ச் சேருவது இயற்கையே. ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் இறந்தவரின் பெயரே அப்படியே நின்றுவிடுகிறது. துக்கத்தில் இருப்பவர்களுக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஞாபகத்துக்கு வராதது குற்றமன்று. எனினும் அந்த மறதியால் பின்னர் நேரக்கூடிய கஷ்டம் பெரிது என்பதால்தான் இதை விஸ்தாரமாக எழுத நேர்கிறது.

சட்டம் இந்த விஷயத்தில் கருணையோடுதான் நடந்துகொள்கிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 56-ஆம் விதி, வண்டியின் சொந்தக்காரர் இறந்தால் அதை அனுபோகத்தில் எடுத்துக்கொள்ளும் வாரிசு, மரணம் நிகழ்ந்த 30 நாட்களுக்குள் அச்செய்தியையும் வண்டியைத் தாம் உபயோகிக்கப் போவதையும் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்துவிட்டால், மூன்று மாத காலம் அதைத் தம் சொந்த வண்டி போலவே ஓட்டலாம் என்று அனுமதிக்கிறது. அந்த மூன்று மாதத்துக்குள் 31-ஆம் எண் படிவத்தில், கட்டணத்துடன், இறப்புச் சான்றிதழ், ஆர்.சி., இன்ஷூரன்ஸ் பத்திரம் ஆகியவற்றை இணைத்துப் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். முதலில் அனுப்பும் தகவலுக்குப் பெரிய பாண்டித்தியம் தேவையில்லை: வண்டி எண், இறந்தவர் பெயர், இறந்த தேதி, எழுதுபவரின் உறவுமுறை, வண்டியை ஓட்ட விரும்பும் எண்ணம், இவ்வளவே போதும். மலையிலிருந்து இறங்கிச் செல்ல முடியாதவர் அதைப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்தி வைப்பது நலம்.

இறப்பை 21 நாட்களுக்குள் கிராம நிர்வாக அலுவலரிடம் பதிவு செய்வதே இவற்றுக்கெல்லாம் அஸ்திவாரம். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் பெயர் மாற்றத்தின்போது கேட்கப்படுவது வழக்கம். வண்டி தவணையில் இருந்தால் கடன் கொடுத்த நிறுவனத்தின் சம்மதமும் வேண்டும்.

இத்தனை அவசரம் எதற்கு என்று கேட்பவர்கள், வளைவுக்கு வளைவு பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு ஓடும் அந்தப் பாதையை நினைத்துப் பார்க்க வேண்டும். இன்ஷூரன்ஸ் பாலிசி, சொந்தக்காரர் இறந்த பிறகு மூன்று மாதமோ, அதன் காலம் முடியும் வரையோ, எது முந்தியதோ அதுவரை மட்டுமே செல்லும். அந்த அவகாசம் கடந்தபின் விபத்தொன்று நேர்ந்து, யாருக்கேனும் உயிர்ச்சேதம் ஏற்பட்டால், கம்பெனி தன் பொறுப்பை மறுக்க இடமுண்டாகி, நஷ்டஈட்டின் பாரம் இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின்மீதும் ஓட்டியவர்மீதும் விழக்கூடும். கணவனை இழந்தவள் காணியையும் இழக்க நேர்வது எவ்வளவு கொடுமை! மாறாக, சொந்தக்காரர் உரிய லைசென்ஸுடன் தம் வண்டியை ஓட்டிச் செல்கையில் விபத்தில் இறந்திருந்தால், அந்தப் பாலிசியில் சொந்தக்காரருக்கான 15 லட்ச ரூபாய்த் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று குடும்பத்தார் அவசியம் பார்க்க வேண்டும்.

இம்மலையின் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், மத்திய அரசு தனியே அறிவித்தாலன்றிப் பட்டியல் பழங்குடிகளுக்குப் பொருந்தாது என்று அச்சட்டமே கூறுவதால், வாரிசு யார் என்பது வழக்காற்றின் கைக்குப் போய்விடுகிறது. அதில் பெண்களின் உரிமை பின்னே தள்ளப்படும் அபாயம் இருக்கிறது. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றமும், 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் பழங்குடிப் பெண்களின் சொத்துரிமைக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்திருப்பது ஆறுதலான செய்தி. ஆயினும் ஒரு பழைய வண்டிக்காக நீதிமன்றப் படியேறும் சக்தி எத்தனை பேருக்கு இருக்கும்?

அதனால்தான் 2021 ஏப்ரலில் விதிகளில் சேர்க்கப்பட்ட திருத்தத்தை நான் மிகவும் போற்றுகிறேன். வண்டியைப் பதிவு செய்யும்போதோ பின்னரோ, தமக்குப் பின் வண்டி யாருக்குச் சேர வேண்டுமென்று ஒருவரை நாமினியாகக் குறிப்பிட அது வழி செய்கிறது. அந்த நாமினி அதே 30 நாள், மூன்று மாதக் கெடுவுக்குள் தகவலும் விண்ணப்பமும் தந்து வண்டியைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். மகனுக்கு ஓட்டத் தெரியும் என்ற ஒரே காரணத்துக்காக அவன் பெயரைக் கொடுப்பதைவிட, மனைவியின் பெயரைக் கொடுப்பதே நியாயம் என்பது என் அபிப்பிராயம். வண்டியை யார் ஓட்டினாலும் அதன் வருமானம் அடுப்பெரியும் வீட்டுக்கு வந்து சேர அதுவே உறுதியான வழி.