ஜன்னலுக்கு வெளியே என்ன நிறம்?

டிசம்பர் நடுவில் ரசிகர் ஓவியர்கள் இணையத்தில் கூடிப் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். நிழல் எங்கே விழ வேண்டும், விரல்களை எப்படி வரைவது என்பது பாதிப் பேச்சு. மீதிப் பாதி அடுப்படிப் பேச்சு. உங்கள் வீட்டில் பரிசை எப்போது பிரிப்பீர்கள், மேசையில் என்ன இருக்கும், பாட்டி எங்கே உட்காருவார், அன்றைக்குக் கறி உண்டா இல்லையா? பிள்ளைகள் ராத்திரி கண்விழித்து இதைத்தான் பேசுகிறார்களா என்று பெற்றவர்கள் கேட்பது நியாயம். ஆனால் அந்தக் கேள்விகளில் பெரும்பாலானவை படத்துக்காகக் கேட்கப்படுபவை. எப்படி என்று சொல்கிறேன். டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், அவசரமில்லை.

பிடித்த கதையில் வரும் ஒருவரைத் தன் கையால் வரைந்து பார்ப்பதுதான் ரசிகர் ஓவியம். அனிமே, காமிக்ஸ், வீடியோ கேம், சினிமா, எதுவாகவும் இருக்கலாம். மூலக்கதை சொல்லாமல் விட்ட இடங்களில்தான் இவர்களுக்கு வேலை அதிகம். சண்டை முடிந்த மறுநாள் நாயகன் என்ன சாப்பிட்டான், பண்டிகைக்கு யார் வீட்டுக்குப் போனான் என்பதையெல்லாம் ரசிகர்தான் வரைய வேண்டும். 2000-ல் டீவியன்ட்ஆர்ட்டும் 2007-ல் ஜப்பானின் பிக்சிவும் வந்த பிறகு, ஒசாகாவில் ஒருவர் வரைந்ததைக் கிராக்கோவில் இருப்பவர் அன்றைக்கே பார்க்க முடிந்தது. பார்த்தவர்களுக்குள் பழக்கம் வந்தது. பழகியவர்கள் ஒருவருக்கொருவர் வரைந்து கொடுக்கத் தொடங்கினார்கள்.

இந்தப் பரிசுப் பரிமாற்றத்தின் நடைமுறை எளிது. நம் அலுவலகங்களில் சீட்டுக் குலுக்கி ‘சீக்ரெட் சான்டா’ நடத்துகிறார்களே, அதேதான். சேர விரும்புகிறவர் ஒரு படிவம் நிரப்புவார். எந்தப் பாத்திரம் பிடிக்கும், எதையெல்லாம் வரையக் கூடாது என்று அதில் எழுதுவார். யார் யாருக்கு வரைய வேண்டும் என்பதை நடத்துபவர் ரகசியமாகப் பிரித்துக் கொடுப்பார். யாராவது வரைய முடியாமல் கைவிட்டால் ஈடுகட்ட மாற்று ஓவியர்கள் சிலர் தயாராக இருப்பார்கள். ரசிகர் புனைவு எழுதுகிறவர்களிடம் யூல்டைட் என்ற பரிமாற்றம் 2003 முதல் நடக்கிறது. அதில் கதைகளை டிசம்பர் 25 அன்று திறப்பார்கள். எழுதியது யார் என்பதை ஜனவரி 1 அன்றுதான் சொல்வார்கள்.

முதல் குழப்பம் கடைசித் தேதியில் வரும். ‘டிசம்பர் 24 இரவு 11.59, யுடிசி நேரம்’ என்று அறிவித்தால் சென்னையில் அது 25-ம் தேதி விடிகாலை 5.29. இதையாவது ஓர் அட்டவணை போட்டுத் தீர்த்துவிடலாம். பரிசு என்றைக்குக் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் தீராத கேள்வி. நெதர்லாந்துக் குழந்தைகளுக்கு சின்டர்கிளாஸ் டிசம்பர் 5 மாலையே பரிசு கொடுத்துவிட்டுப் போய்விடுவார். ஜெர்மனியிலும் போலந்திலும் சுவீடனிலும் 24 மாலை. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் 25 காலை. ஸ்பெயினில் பரிசு கொண்டுவருகிறவர்கள் மூன்று ராஜாக்கள். அவர்கள் வருவது ஜனவரி 6-ல். ரஷ்யாவில் அலங்கரித்த மரம், பரிசு, பரிசு கொண்டுவரும் தாத்தா எல்லாமே புத்தாண்டுக்குச் சொந்தம். சோவியத் ஆட்சி கிறிஸ்துமஸ் மரத்தை ஒதுக்கி வைத்திருந்தது. 1935 கடைசியில் அதே மரத்தைப் புத்தாண்டு மரமாகத் திரும்பக் கொண்டுவந்தது. பழைய நாட்காட்டிப்படி வரும் தேவாலயக் கிறிஸ்துமஸ் ஜனவரி 7-ல் தனியாக நடக்கும். மாஸ்கோவிலிருந்து வரும் பரிசுப் படத்தில் மரத்தடியில் கிறிஸ்துமஸ் வாழ்த்துக்குப் பதிலாகப் புத்தாண்டு வாழ்த்து இருந்தால் அவர் தாமதித்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். என்னைக் கேட்டால், டிசம்பர் 24 முதல் ஜனவரி 6 வரை படங்களை வெளியிடலாம் என்று வாசலை அகலத் திறந்துவைப்பதே நல்லது.

தேதியோடு விட்டிருந்தால் இந்தப் பேச்சு சீக்கிரம் முடிந்திருக்கும். வரைகிறவருக்கு அது போதாது. எழுதுகிறவர் ‘பண்டிகை அன்று மாலை’ என்று ஒரு வரியில் கடந்துவிடலாம். வரைகிறவர் ஜன்னலுக்கு வெளியே ஏதாவது ஒரு நிறம் பூசியே ஆக வேண்டும். ஸ்டாக்ஹோமில் அந்த நாட்களில் பிற்பகல் மூன்று மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். சிட்னியில் அதே டிசம்பர் கோடைகாலம்; இரவு எட்டு மணிக்குத்தான் பொழுது சாயும். அங்கே கிறிஸ்துமஸ் மேசையில் ஐஸில் குளிர வைத்த இறால் இருக்கும், பழங்கள் அடுக்கிய பாவ்லோவா இருக்கும். ஜன்னல் திறந்திருக்கும், பிள்ளைகள் அரைக்கால் சட்டையில் திரிவார்கள். சிட்னி நண்பருக்குப் பரிசாக வரையும்போது கம்பளித் தொப்பியும் வெண்பனியும் வரைந்தால் அது அவர் வீடாக இருக்காது.

சுவீடனில் இன்னொரு விஷயம் உண்டு, ரசிகர்கள் கேட்டு மகிழ்ந்துபோகும் விஷயம். டிசம்பர் 24 பிற்பகல் மூன்று மணிக்கு அங்கே வீடு வீடாகத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து டிஸ்னியின் டொனால்ட் டக் நிகழ்ச்சியைப் பார்க்கிறார்கள். 1960-கள் முதல் ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே துண்டுப் படங்கள்தான் ஓடுகின்றன. பெரியவர்களுக்கும் வசனம் மனப்பாடம். பரிசு பிரிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். கார்ட்டூனே பண்டிகைச் சடங்காகிவிட்ட வீட்டை வரைவது ஒரு ரசிகர் ஓவியருக்கு எவ்வளவு பிடித்த வேலை என்று யோசியுங்கள். வெளியே கருநீலம், உள்ளே தொலைக்காட்சியின் வெளிச்சம் முகங்களில் விழுகிறது, மரத்தடியில் பரிசுகள் இன்னும் பிரிக்கப்படாமல் இருக்கின்றன. மணி என்ன என்ற ஒரே கேள்விக்குக் கிடைத்த பதிலில் படத்தின் முழு வண்ணத் திட்டமும் அமைந்துவிடுகிறது.

போலந்துக்காரரிடம் கேட்டால் மேசையைப் பற்றிப் பேசுவார். வானத்தில் முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகே சாப்பிட உட்காருவது மரபு. மேசை விரிப்புக்கு அடியில் கொஞ்சம் வைக்கோல் பரப்பியிருப்பார்கள். பன்னிரண்டு பதார்த்தங்கள், மீன் உண்டு, இறைச்சி கிடையாது. சாப்பிடும் முன் மெல்லிய அப்பம் ஒன்றை ஒருவர் கையிலிருந்து ஒருவர் கிள்ளி வாழ்த்திக்கொள்வார்கள். ஒரு தட்டு கூடுதலாகப் போட்டிருக்கும்; எதிர்பாராமல் யாராவது வந்தால் உட்கார. ரசிகர் ஓவியத்துக்கு அந்தத் தட்டைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. கதையில் இறந்துபோனவர், தொலைந்துபோனவர், வீடில்லாதவர், யாரை வேண்டுமானாலும் அங்கே உட்கார வைக்கலாம். ஆனால் அந்த மேசை நடுவில் வறுத்த வான்கோழியை வைத்துவிட்டால் போலந்துக்காரர் பார்வை முதலில் அங்கேதான் போகும்.

இப்படி விவரம் தேடும் பழக்கத்தை ஒரு தலைமுறை ரசிகர்களிடம் வளர்த்ததில் ஹெட்டாலியாவுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கருத்து. ஹிமாருயா ஹிதேகாஸ் இணையத்தில் வரைந்த காமிக்ஸ் அது. 2008-ல் புத்தகமாகவும் 2009-ல் அனிமேயாகவும் வந்தது. அதில் பாத்திரங்கள் எல்லாருமே நாடுகள். இத்தாலி ஓர் ஆள், ஜெர்மனி ஓர் ஆள், ஜப்பான் ஓர் ஆள். ஜெர்மனியைப் பண்டிகை நாளில் வரைய வேண்டுமென்றால் ஜெர்மன் நண்பரிடம் கேட்காமல் முடியாது. நாடுகளை ஆட்களாக வரைவதில் ஆபத்தும் இருக்கிறது. கொரியப் பாத்திரத்தைச் சித்திரித்த விதத்துக்குத் தென்கொரியாவில் கடும் எதிர்ப்பு எழுந்தது. தொலைக்காட்சி ஒளிபரப்பு ரத்தாகி, அனிமே இணையத்தில் வெளியானது. ஒரு மக்களின் வழக்கத்தை அவர்களிடம் கேட்டு வரைவதற்கும் கேட்காமல் வரைவதற்கும் எவ்வளவு தூரம் என்பதை ரசிகர்கள் அங்கே நேரில் பார்த்தார்கள்.

ஜப்பானுக்கு வருவோம், ஏனென்றால் பாதிப் பாத்திரங்கள் அங்கிருந்துதான் வருகின்றன. அனிமே கிறிஸ்துமஸ் காட்சியில் வெள்ளை க்ரீம் பூசி ஸ்ட்ராபெரி அடுக்கிய கேக் இருக்கும். வறுத்த கோழி இருக்கும். நம் ஊரில் பழக்கேக்கில் வளர்ந்த ஒருவருக்கு அது பிறந்தநாள் விருந்துபோலத் தெரியலாம். கோழிக்குக் காரணம் கே.எஃப்.சி. 1974-ல் நாடு முழுவதும் செய்த விளம்பரம். இன்றைக்கும் முன்கூட்டியே சொல்லிவைத்து வாங்குகிறார்கள். 24 மாலை பெரும்பாலும் காதலர்களுக்கு. 25 விடுமுறை கிடையாது. எல்லாரும் வேலைக்குப் போவார்கள். குடும்பம் கூடுவதும் வீடு துடைப்பதும் விசேஷச் சமையலும் புத்தாண்டுக்கு. ஆகவே ஒரு ஜப்பானியப் பாத்திரம் கிறிஸ்துமஸுக்குத் தாத்தா பாட்டி ஊருக்கு ரயில் ஏறுவதுபோல வரைந்தால், ஒரு வாரம் முன்னதாகவே ரயில் ஏற்றிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

ஜப்பானிய நண்பர் டிசம்பரில் சரியாகப் பதில் போடாவிட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆண்டுக் கடைசி நாட்களில் டோக்கியோவில் காமிகெட் நடக்கும். 1975-ல் சில நூறு பேரோடு தொடங்கிய ரசிகர் புத்தகச் சந்தை அது. 2019 டிசம்பரில் நான்கு நாட்களில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். தானே வரைந்து அச்சிட்ட புத்தகத்தைத் தானே மேசை போட்டு விற்க வேண்டும். டிசம்பரின் முற்பகுதி அவருக்கு அச்சகக் கெடுவோடு போய்விடும்.

அது முடிந்த கையோடு ஜனவரி 1-ல் இன்னொரு வழக்கம். ஜப்பானில் புத்தாண்டு வாழ்த்து அட்டைகளை டிசம்பர் 25-க்குள் தபாலில் போட்டால் ஜனவரி 1 அன்று வீடு வந்து சேரும். அந்த ஆண்டுக்கான ராசி விலங்கு அதில் இருக்கும். ஓவியர்கள் தங்களுக்குப் பிடித்த பாத்திரத்துக்கு அந்த விலங்கின் காதோ வாலோ வைத்து வரைந்து வெளியிடுவார்கள். பன்னிரண்டு விலங்குச் சுற்று சீனாவிலிருந்து வந்தது. ஆனால் ஜப்பான் 1873 முதல் கிரிகோரியன் நாட்காட்டியைப் பின்பற்றுகிறது. 2024 டிராகன் ஆண்டுக்கு ஜப்பானியர் ஜனவரி 1-ல் டிராகன் போட்டார். சீன நண்பர் பிப்ரவரி 10 வரை காத்திருந்தார். விலங்கும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. 2019 சீனாவில் வீட்டுப் பன்றி. ஜப்பானில் காட்டுப்பன்றி, உடம்பில் கோடு போட்ட குட்டிகளோடு. 2023-ல் சீன ஓவியர்கள் பாத்திரங்களுக்கு முயல் காது வைத்தார்கள். வியட்நாமில் அது பூனை ஆண்டு. வியட்நாம் நண்பருக்கு முயல் காதோடு பரிசு அனுப்பியவர் கேட்காமல் வரைந்துவிட்டார் என்பது ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும்.

இந்த விஷயம் நம் வாசலுக்கும் வரும். பிரேசிலில் இருக்கும் ஒரு தோழி உங்கள் மகளுக்குத் தீபாவளிப் படம் வரைந்து அனுப்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். இரவு வானம், வரிசையாக அகல் விளக்குகள், நடுவில் லட்சுமி பூஜை. அழகாக இருக்கிறது. அவள் தேடிப் பார்த்த இடத்தில் எல்லாம் அதுதான் கிடைத்திருக்கும், ஏனென்றால் வடக்கே தீபாவளி அமாவாசை மாலையில். நம் தீபாவளி சதுர்த்தசி விடியலில். இருட்டு பிரியும் முன் தலையில் நல்லெண்ணெய், வெந்நீர்க் குளியல், ஓரத்தில் மஞ்சள் தடவிய புதுத்துணி, ஒரு உருண்டை லேகியம், பிறகு வெடி. விளக்கு வரிசை நமக்குக் கார்த்திகையில். பரிசாக வந்த படத்தை எல்லார் முன்னாலும் திருத்துவது இவர்களிடம் வழக்கமில்லை; மனம் நிறைந்து நன்றி சொல்ல வேண்டும். அப்புறம் இருவரும் தனியாகப் பேசும்போது, எங்கள் வீட்டில் விடிகாலை நாலரை மணி என்று சொன்னால் போதும். ஓவியருக்கு அது பிடித்த செய்தி. எண்ணெய் வழியும் நெற்றியில் விளக்கொளி விழுவதை வரைய யாருக்குத்தான் ஆசை வராது?

எந்தப் பண்டிகையும் கொண்டாடாதவர்களும் இந்தப் பரிமாற்றங்களில் சேர்கிறார்கள். ‘பண்டிகை வேண்டாம்’ என்று படிவத்தில் எழுதினால் அதற்குக் காரணம் கேட்பதில்லை. பாத்திரம் போர்வைக்குள் உட்கார்ந்து புத்தகம் படித்தாலும் அது பரிசுதான்.

உங்கள் மகள் முதல்முறை சேருகிறாள் என்றால், பொங்கல் படம் வேண்டும் என்று ஒற்றை வரியில் எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள். நேரம் காலை. இடம் வாசல், தரையில் கோலம். அடுப்பு மூன்று கல்லாலானதா, இரும்பாலானதா என்று உங்கள் வீட்டு வழக்கத்தை எழுதட்டும். பால் பொங்கி வழிகிற நொடிதான் வேண்டும், அதற்கு முன்னதோ பின்னதோ வேண்டாம். கரும்பு தோகையோடு நிற்கும். மூடுபனி இருக்கலாம், வெண்பனி கூடாது. மஞ்சள் கொத்து கட்டிய பானையைப் பக்கவாட்டிலிருந்து ஒரு போட்டோ எடுத்து இணைக்கட்டும். கழுத்தில் எந்த இடத்தில் முடிச்சு வருகிறது என்பதை அங்கே வரைகிறவர் வேறெங்கும் பார்த்திருக்க மாட்டார்.