சாம்பியன் கேட்ட மன்னிப்பு

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? அடுத்த முறை போகும்போது ஜன்னலோரம் உட்காருங்கள். மரக்காணம் வந்ததும் வெளியே பாருங்கள். சதுரம் சதுரமாகப் பாத்திகள், அவற்றில் ஆழமில்லாத உப்புநீர், வரப்புகளில் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள்! கொளுத்தும் வெயிலில் நின்று உப்பை வாரிக்கொண்டிருப்பார்கள் உப்பளத் தொழிலாளர்கள். நாள் முழுக்க உப்புநீரில் நிற்பதால் அவர்களின் பாதங்களில் தோல் தடித்துப் போய்விடும்.

இந்த உப்புநீருக்கும் குத்துச்சண்டைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1919 முதல் 1926 வரை உலக ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியனாக இருந்தவர் அமெரிக்காவின் ஜாக் டெம்ப்ஸி. அவர் தன் முகத்தையும் கைகளையும் உப்புநீரில் ஊற வைப்பாராம்! எதற்கு? தோல் தடித்தால் குத்து விழும்போது சீக்கிரம் கிழியாது அல்லவா, அதற்காக!

சரி, தோலை உப்புநீரில் ஊறவைத்துத் தடிக்க வைக்கலாம். மனதை? அது முடியாது. உலகமே போற்றிய ஒரு சாம்பியனுக்கு இது புரிய முப்பது வருடம் ஆனது. அவர்தான் முகமது அலி. அவருடைய கதையைத்தான் இந்த வாரம் படிக்கப் போகிறீர்கள்.

மெட்ராஸுக்கு வந்த அலி

முகமது அலி நம் சென்னைக்கு வந்திருக்கிறார், தெரியுமா? உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். 1980-ம் ஆண்டின் தொடக்கத்தில் வந்தார். அப்போது அவருக்கு வயது 38. மூன்று முறை உலகப் பட்டம் வென்றுவிட்டு, ஓய்வு பெறுவதாக அறிவித்திருந்த நேரம் அது. அன்றைய முதல்வர் எம்.ஜி.ஆரையும் சந்தித்தார்.

மெட்ராஸ்காரர்களுக்குக் குத்துச்சண்டை புதிதல்ல. வடசென்னையில் சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று அணி அணியாகப் பிரிந்து மோதிய ஊர் இது. சண்டை நடக்கும் நாளில் திருவிழா போலக் கூட்டம் சேரும். அப்படிப்பட்ட ரசிகர்கள் அலி வந்தால் சும்மா இருப்பார்களா? நேரு ஸ்டேடியத்தில் நடந்த கண்காட்சிச் சண்டையைப் பார்க்கத் திரண்டு வந்தார்கள்.

அன்று அலியோடு மோதியவர் ஜிம்மி எல்லிஸ். இவரும் முன்னாள் உலக சாம்பியன்தான். இரண்டு பேரும் அமெரிக்காவின் லூயிவில் நகரத்துக்காரர்கள். சிறுவர்களாக இருந்தபோதே இரண்டு முறை மோதியிருக்கிறார்கள். ஒருமுறை அலிக்கு வெற்றி, மறுமுறை எல்லிஸுக்கு வெற்றி!

பெரியவர்களான பிறகு 1971-ல் மறுபடியும் மோதினார்கள். அதில் ஒரு வேடிக்கை. இருவருக்கும் ஒரே பயிற்சியாளர், ஏஞ்சலோ டன்டீ. அவர் யார் பக்கம் நிற்பது? எல்லிஸுக்கு மேனேஜராகவும் இருந்ததால் அவர் பக்கம் நின்றார். அலி கோபித்துக்கொள்ளவில்லை. பன்னிரண்டாவது சுற்றில் அலி விட்ட குத்தில் எல்லிஸ் தடுமாறினார். இன்னும் நாலு குத்து விட்டால் கீழே விழுந்துவிடுவார். ஆனால் அலி அடிப்பதைக் குறைத்துக்கொண்டு விலகினார். நடுவர் சண்டையை நிறுத்தினார். ஒன்பது வருடம் கழித்து அதே இருவரும் நம் ஊர் மேடையில் நண்பர்களாக நின்றார்கள்.

எதிராளி என்றால் எதிரி இல்லை என்பது அலிக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அப்படியிருந்தும் ஒருவர் விஷயத்தில் மட்டும் தவறு செய்தார். அதைச் சொல்வதற்கு முன் ஒரு சைக்கிள் கதை.

திருட்டுப் போன சைக்கிள்

1954-ம் ஆண்டு. லூயிவில் நகரத்தில் 12 வயதுச் சிறுவன் ஒருவனின் புது சைக்கிள் திருட்டுப் போய்விட்டது. அழுதுகொண்டே ஒரு போலீஸ்காரரிடம் போய், திருடனைக் கண்டால் அடித்து நொறுக்கிவிடுவேன் என்றான். ஜோ மார்ட்டின் என்ற அந்தப் போலீஸ்காரர் சிறுவர்களுக்குக் குத்துச்சண்டை சொல்லிக் கொடுப்பவர். அப்படியானால் முதலில் சண்டை போடக் கற்றுக்கொள் என்றார்.

அந்தச் சிறுவன் பெயர் கேசியஸ் கிளே. ஆறே வருடத்தில், 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் வென்றான். 1964-ல் உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். முகமது அலி என்று பெயர் மாற்றிக்கொண்டதும் அதே வருடம்தான். சைக்கிள் மட்டும் கடைசி வரை கிடைக்கவே இல்லை!

1967-ல் வியட்நாம் போருக்காக ராணுவத்தில் சேர அழைப்பு வந்தது. அலி மறுத்துவிட்டார். பட்டத்தைப் பறித்தார்கள். சண்டையிடும் உரிமமும் போயிற்று. மூன்றரை வருடம் வளையத்துக்குள் கால் வைக்க முடியவில்லை. வருமானமும் இல்லை. அந்தச் சமயத்தில் அவருக்குக் கை கொடுத்தவர்களில் ஒருவர்தான் ஜோ ஃபிரேசியர்.

வளைந்த கை வீரர்

யார் இந்த ஃபிரேசியர்? தெற்கு கரோலினா மாநிலத்தில் ஓர் ஏழை விவசாயக் குடும்பத்துப் பையன். குத்திப் பழகப் பை வாங்கக் காசு இல்லை. ஒரு கோணிப்பையில் கந்தல் துணி, சோளக் கட்டை, செங்கல் எல்லாவற்றையும் திணித்து மரத்தில் கட்டித் தொங்கவிட்டுக் குத்திப் பழகினார். ஒருநாள் ஒரு பெரிய பன்றி துரத்த, ஓடிப்போய் விழுந்ததில் இடது கையில் அடிபட்டது. வைத்தியம் பார்க்க வசதி இல்லை. கை முழுதாக நிமிரவே இல்லை. ஆனால் அந்த வளைந்த கையால் பக்கவாட்டிலிருந்து விடும் ‘லெஃப்ட் ஹூக்’ குத்துதான் பின்னாளில் உலகத்தையே நடுங்க வைத்தது!

அலி விளையாட முடியாமல் இருந்த காலத்தில் ஃபிரேசியர் உலக சாம்பியன் ஆனார். வேறு யாராவது என்றால் ‘நல்லவேளை, அலி இல்லை’ என்று நினைத்திருப்பார்கள். ஃபிரேசியர் அப்படி நினைக்கவில்லை. அலிக்கு உரிமம் திரும்பக் கிடைக்க வேண்டும் என்று அவருக்காகப் பேசினார். கைச்செலவுக்குப் பணமும் கொடுத்தார். உரிமமும் திரும்பக் கிடைத்தது.

வார்த்தை என்னும் குத்து

1971 மார்ச் 8. நியூயார்க்கில் அலியும் ஃபிரேசியரும் மோதினார்கள். அதுவரை இருவருமே தோல்வியே காணாதவர்கள்! பதினைந்தாவது சுற்றில் அந்த லெஃப்ட் ஹூக் அலியின் தாடையில் விழுந்தது. அலி மல்லாந்து விழுந்தார். எழுந்துவிட்டார், ஆனால் புள்ளிக் கணக்கில் ஃபிரேசியர் வென்றார். 1974-ல் அலி வென்று கணக்கைச் சமன் செய்தார்.

இதற்கிடையில் அலி ஒரு காரியம் செய்தார். சண்டைக்கு முன்னால் எதிராளியைக் கிண்டல் செய்து பாட்டுக் கட்டுவது அவர் வழக்கம். பத்திரிகைகள் அதை விரும்பிப் போடும், கூட்டமும் சேரும். அந்தப் பழக்கத்தில் ஃபிரேசியரை அறிவில்லாதவர் என்றார். அவலட்சணமானவர் என்றார். மனிதக்குரங்கு என்றார். ஒரு ரப்பர் பொம்மைக் குரங்கைக் கையில் வைத்துக் குத்திக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள்.

ஃபிரேசியர் சிரிக்கவில்லை. கஷ்ட காலத்தில் உதவிய நண்பர் அல்லவா அவர்? பள்ளியில் அவருடைய பிள்ளைகளையும் மற்றவர்கள் கேலி செய்தார்கள். அவர்கள் என்ன தப்பு செய்தார்கள், சொல்லுங்கள்!

1975 அக்டோபர் 1. பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலாவில் மூன்றாவது மோதல். கடும் புழுக்கம். பதினான்கு சுற்றுகள் இருவரும் விட்டுக் கொடுக்கவில்லை. ஃபிரேசியரின் கண் வீங்கி மூடிக்கொண்டது. பார்வை இல்லாமலே இன்னொரு சுற்று ஆட எழுந்தார். அவருடைய பயிற்சியாளர் எடி ஃபட்ச் உட்கார வைத்துவிட்டார். போட்டி முடிந்தது. அலி வென்றார். ஆனால் அவராலும் நிற்க முடியவில்லை. சாவுக்கு மிக அருகில் போய் வந்தது போல இருந்ததாகப் பிறகு சொன்னார்.

அலியை இவ்வளவு தூரம் போராட வைத்தவர் யார்? ஃபிரேசியர்தானே! மேடையில் வாங்கிய குத்துகள் சில வாரங்களில் ஆறிவிட்டன. வார்த்தையால் வாங்கியது ஆறவில்லை. பல வருடங்கள் ஃபிரேசியர் அலியை மன்னிக்கவே இல்லை.

முப்பது வருடம் கழித்து

மெட்ராஸ் வந்துபோன அதே வருடம் அக்டோபரில் அலி மறுபடி மேடை ஏறினார். அவரை எதிர்த்தவர் லாரி ஹோம்ஸ். ஒரு காலத்தில் அலிக்குப் பயிற்சியில் துணையாகக் குத்து வாங்கியவர்! அலி தோற்றார். வென்ற ஹோம்ஸோ அழுதார். 1981-ல் இன்னொரு தோல்வி. அதோடு நிறுத்திக்கொண்டார்.

1984-ல் அலிக்கு பார்க்கின்சன் நோய் இருப்பது தெரிந்தது. கை நடுங்கும், பேச்சு குழறும். தலையில் வாங்கிய அடிகளும் காரணமாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் பலர் கருதினார்கள். ஓயாமல் பேசிய வாய் மெல்ல மெல்ல அமைதியானது. பழையதை நினைத்துப் பார்க்க நேரம் கிடைத்தது.

2001-ம் ஆண்டு நியூயார்க் பத்திரிகை ஒன்றின் வாயிலாக அலி மனம் திறந்தார். ஆவேசத்தில் ஃபிரேசியரைப் பற்றிச் சொல்லக்கூடாத பல வார்த்தைகளைச் சொல்லிவிட்டேன், மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன் என்றார். முதல் மோதல் நடந்து முப்பது வருடம் ஆகியிருந்தது. ஒரு சொல்லைத் திரும்பப் பெற எவ்வளவு காலம், பார்த்தீர்களா?

2011 நவம்பரில் ஃபிரேசியர் காலமானார். நோயால் தளர்ந்திருந்த அலி, அவருடைய இறுதி நிகழ்ச்சிக்கு நேரில் போய் மரியாதை செலுத்தினார். 2016 ஜூன் 3-ம் தேதி அலியும் மறைந்தார்.

மறுபடியும் மரக்காணத்துக்கு வருவோம். வெயில் காய்ந்து காய்ந்து, பல நாள் பாடுபட்டு ஒரு குவியல் உப்பைச் சேர்க்கிறார்கள். ஆனால் ஒரு பெருமழை போதும், அத்தனையும் கரைந்துவிடும். அதனால்தான் மழைக்கு முன்னாலேயே ஓலையோ தார்ப்பாயோ போட்டு மூடி வைக்கிறார்கள். நட்பும் அந்தக் குவியல் மாதிரிதான்.

உங்கள் வகுப்பிலும் ஓர் ஃபிரேசியர் இருப்பார். ஓட்டப் பந்தயத்தில், கேரம் போர்டில், கணக்குப் பாடத்தில் உங்களை முந்தப் பார்ப்பவர். அவரை ஜெயிக்க முயற்சி செய்யுங்கள், தப்பே இல்லை. அவர் இருப்பதால்தான் நீங்கள் இன்னும் வேகமாக ஓடுகிறீர்கள். ஆனால் ஏதாவது பட்டப் பெயர் வைத்துக் கூப்பிட்டிருக்கிறீர்களா? நாளைக் காலை பிரேயர் மணி அடிப்பதற்குள் போய் ‘சாரிடா’ சொல்லிவிடுங்கள்!

உங்களுக்குத் தெரியுமா?

* அலி மொத்தம் 61 தொழில்முறைச் சண்டைகளில் மோதினார். வெற்றி 56, தோல்வி 5.

* 1974-ல் ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரில் ஜார்ஜ் ஃபோர்மேனை எட்டாவது சுற்றில் வீழ்த்தினார் அலி. பின்னாளில் இருவரும் நெருங்கிய நண்பர்கள். அந்தச் சண்டை பற்றிய படத்துக்கு 1997-ல் ஆஸ்கர் விருது கிடைத்தபோது, அலியைக் கைத்தாங்கலாக மேடையேற்றியவர் ஃபோர்மேன்தான்.

* மெட்ராஸில் மோதியது போலவே 1980 ஜனவரி 27 அன்று டெல்லியில் நம் நாட்டு வீரர் கௌர் சிங்குடன் கண்காட்சிச் சண்டையில் மோதினார் அலி. கௌர் சிங் 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றார்.

* சென்னை குத்துச்சண்டை வீரர் வி.தேவராஜன் 1994-ல் பாங்காக்கில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் வெண்கலம் வென்றார். அர்ஜுனா விருதும் பெற்றவர்.